இருக்கையில் இருந்த முள்

கரும்பாறைக் காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. மழைக்காலத்தில் குளம் நிரம்பினால், மிஞ்சிய தண்ணீர் கிழக்குக் கரையில் இருந்த வடிகால் வழியாகப் பள்ளத்தில் இறங்கிப் போய்விடும். அந்த வடிகாலில் சருகும் சேறும் அடையாமல் தினமும் தோண்டி வைப்பது சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியின் வேலை.

அது அரசாங்க வேலை. காட்டின் அரசியான யானை கொடுத்த வேலை. குளக்கரையில் வரிசையாக இருந்த பாறைகளில் ஒன்று முள்ளம்பன்றியின் இருக்கை. பக்கத்துப் பாறை மயிலுடையது. மழை வருமா என்று பார்த்துச் சொல்வது மயிலின் பொறுப்பு. அடுத்தது புள்ளிமானின் பாறை. செந்நாய்கள் வந்தால் குரல் கொடுப்பது மானின் பொறுப்பு. மற்ற விலங்குகள் தாங்கள் தேடிய கிழங்கிலும் பழத்திலும் ஒரு பங்கைப் பொதுக் குவியலில் போடும். மாலையில் வாலப்பன் என்ற குரங்கு அதிலிருந்து மூவருக்கும் அவரவர் பங்கை எடுத்துப் போய்க் கொடுக்கும்.

அந்தப் பாறைகளில் ஒரு பழக்கம் இருந்தது. எப்போதோ ஒருநாள் மயிலுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கப் போகும்போது ஓர் இறகை இருக்கையில் வைத்துவிட்டுப் போனது. தேடி வந்த முயல் இறகைப் பார்த்து, மயில் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது என்று காத்திருந்தது. மயிலும் திரும்பி வந்தது. நல்ல ஏற்பாடு என்று எல்லா விலங்குகளும் பாராட்டின. மறுநாள் முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து உதிர்ந்த ஒரு முள்ளைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போனது. மான் தன் உதிர்ந்த கொம்பை வைத்துவிட்டுப் போனது. மானின் தலையில் அந்தக் கொம்பு இருந்த இடத்தில் புதுக் கொம்பு முளைத்து, முற்றி, கூராகவும் ஆகிவிட்டது. மான் இன்னும் திரும்பி வரவில்லை.

காட்டில் யாரும் இதைத் தவறாக நினைக்கவில்லை. இறகும் முள்ளும் கொம்பும் இருந்தால் அலுவலர்கள் இருப்பதாகவே பொருள். அந்த வழியாகப் போகும் சில விலங்குகள் முள்ளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டும் போயின.

அந்த ஆண்டு ஓர் ஆள்காட்டிக் குருவி குளக்கரையில், சரளைக் கற்களுக்கு நடுவே, நான்கு முட்டைகள் இட்டது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் சிறிய குழிதான் அதன் கூடு. அந்தப் பெண் குருவியின் பெயர் செங்கண்ணி. அதுவும் அதன் கணவனும் மாறி மாறி அடைகாத்தன.

முட்டைகள் பொரியச் சில நாட்களே இருந்தபோது மழை தொடங்கியது. காலையில் ஒரு கல்லின் அடியைத் தொட்ட தண்ணீர், மாலையில் அந்தக் கல்லை மூடிவிட்டது. செங்கண்ணி பயந்துபோய் வடிகாலுக்குப் பறந்து சென்று பார்த்தது. வடிகால் எங்கே என்றே தெரியவில்லை. சருகும் சேறும் மூங்கில் குப்பையும் அடைத்துக் கிடந்தன. மேலே ஒரு மரக்கிளை விழுந்து கிடந்தது. சேற்றில் புல் முளைத்திருந்தது. புல்லுக்குள் ஒரு தவளைக் குடும்பம் குடியேறி, பேரப்பிள்ளைகளும் பெற்றிருந்தது.

செங்கண்ணி நேராக அலுவலர் பாறைக்குப் போனது. குரங்கு பாறையடியில் கால் நீட்டி உட்கார்ந்து, தன் வாலிலேயே பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"வடிகால் ஐயாவைப் பார்க்க வேண்டும், அண்ணே."

"ஐயா இருக்கிறாரே."

"எங்கே?"

குரங்கு முள்ளைக் காட்டியது. "இப்போதுதான் எழுந்து போனார். உட்காரம்மா."

செங்கண்ணி உட்கார்ந்தது. பொழுது சாயும்வரை யாரும் வரவில்லை. மறுநாளும் போனது. முள்ளின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தது. இப்போதுதான் எழுந்து போனவருடைய முள்ளில் வலை எப்படி வந்தது என்று அது கேட்டது. இந்தப் பக்கத்துச் சிலந்திகள் மிகவும் சுறுசுறுப்பானவை என்றது குரங்கு.

அதற்கடுத்த முறை குரங்கு வேறு விளக்கம் கொடுத்தது. முள்ளம்பன்றிகள் இரவில் நடமாடும் பிராணிகள், பகலில் வந்து தேடுவது தேடுபவரின் தவறு என்றது. செங்கண்ணி இருட்டும்வரை காத்திருந்து மீண்டும் கேட்டது. இருட்டிய பிறகு அலுவலகம் கிடையாது என்று சொல்லிவிட்டுக் குரங்கு மரமேறிப் படுத்துக்கொண்டது.

கூட்டுக்குத் திரும்பியதும் கணவன் கேட்டது. "நீ அங்கே போய்க் கத்தினாயா?"

"கத்தவே இல்லை."

"உன் குரலே அப்படி. வணக்கம் சொன்னால்கூட யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும்."

செங்கண்ணிக்குக் கோபம் வந்தது. ஆனால் கணவன் சொன்னதில் பாதி உண்மை என்றும் அதற்குத் தெரிந்தது. ஆள்காட்டிகள் யார் நடந்தாலும் கத்தும். மாடு வந்தாலும் கத்தும், காற்றில் இலை உருண்டாலும் கத்தும். அதனால் அவை கத்தினால் காடு திரும்பியே பார்ப்பதில்லை. உண்மையிலேயே ஆபத்து வந்திருக்கும் இந்த நேரத்தில் தன் குரலுக்கு மதிப்பில்லாமல் போனதே என்று அது வருந்தியது.

அது தானே வடிகாலைச் சுத்தம் செய்யவும் முயன்றது. அதன் கால்கள் நாணல் போல மெல்லியவை. சேற்றில் இறங்கியதும் வயிறுவரை புதைந்தது. அலகால் ஒரு சருகை இழுத்தால் அந்த இடத்துக்குப் பத்துச் சருகுகள் மிதந்து வந்தன. தவளைப் பாட்டன் மட்டும், எங்கள் வீட்டைப் பிரிக்காதே என்று கண்டித்தது.

மறுநாள் காட்டுக்குள் நாவல் மரத்தடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. செங்கண்ணி அங்கே போனது. முள்ளம்பன்றியும் மயிலும் மானும் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. மான் எப்போதும் புலிப் பக்கம்தான் ஆடுமாம். வேறு எங்கே தனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும் என்று அது நியாயம் சொன்னது.

"ஐயா, வடிகால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் என் முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது" என்றது செங்கண்ணி.

முள்ளம்பன்றி மரியாதையாகவே பேசியது. "பாறையில் என் முள்ளைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"அப்படியானால் நான் பணியில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அலுவலக விஷயத்தை இப்படி மரத்தடியில் பேசுவது முறையில்லை. பாறைக்கு வந்து சொல்."

"நீங்கள் பாறைக்கு வருவீர்களா?"

"அதைத்தான் சொன்னேனே. முள் அங்கேதான் இருக்கிறது."

ஆடுகளில் ஒன்று வெட்டுப்பட்டுவிட்டது என்று மயில் கூவியது. முள்ளம்பன்றி ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

செங்கண்ணி அரசியிடம் போய் முறையிட்டது. யானை அப்போது குளத்தின் மறுகரையில் குளித்துக்கொண்டிருந்தது. தும்பிக்கையால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பாறைகளின் பக்கம் பார்த்தது. யானைக்குத் தூரப் பார்வை கொஞ்சம் குறைவு. ஒரு பாறையில் ஏதோ நீலமாக, ஒன்றில் ஏதோ கூராக, ஒன்றில் ஏதோ கிளைகிளையாகத் தெரிந்தது. மூவரும் இருக்கையில்தானே இருக்கிறார்கள் என்றது அரசி. அவை இறகும் முள்ளும் கொம்பும் என்று செங்கண்ணி விளக்கியது. அப்படியென்றால் மூவரும் அருகில்தான் இருப்பார்கள், நீ கொஞ்சம் பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டு அரசி மறுபடியும் தண்ணீரை அள்ளி முதுகில் ஊற்றிக்கொண்டது.

செங்கண்ணி சோர்ந்துபோய்த் திரும்பியது. வழியில் குரங்கு எதிரே வந்தது. அதன் கையில் கிழங்கும் பழமும் இருந்தன. அது பாறைகளின் பக்கம் திரும்பாமல் நேராக நாவல் மரத்தடிக்கு நடந்தது.

"இந்தக் கிழங்கு யாருக்கு, அண்ணே?"

"வடிகால் ஐயாவுக்கு."

"ஐயா பாறையில்தானே இருக்கிறார்?"

குரங்கு கிழங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தது.

செங்கண்ணி அங்கிருந்தே திரும்பி மீண்டும் அரசியிடம் பறந்தது. இந்த முறை அது வடிகாலைப் பற்றிப் பேசவில்லை. முட்டைகளைப் பற்றியும் பேசவில்லை. குரலைத் தாழ்த்தி ஒன்றே ஒன்று கேட்டது. அலுவலர்களின் பங்கை, யார் இருக்கையில் பணியில் இருக்கிறார்களோ அவர்கள் முன்னால் வைக்கச் சொல்ல வேண்டும் என்றது.

"அதுதானே ஏற்கெனவே இருக்கும் முறை" என்றது அரசி. அப்படியே குரங்குக்கும் ஆணை போனது.

மறுநாள் மாலை முள்ளின் முன்னால் கிழங்கும், இறகின் முன்னால் பழமும், கொம்பின் முன்னால் தளிர்ப்புல்லும் வைக்கப்பட்டன. முள் கிழங்கைத் தொடவில்லை. எறும்புகள்தான் வந்தன. சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தன. அந்த எறும்புப் புற்றுக்கு அன்று திருவிழா.

நாவல் மரத்தடியில் ஆட்டம் சூடு பிடிக்கவில்லை. மூன்றும் அடிக்கடி வழியைப் பார்த்தன. கடைசியில் பசி தாங்காமல் எழுந்து பாறைகளுக்கு வந்தன. அது விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் நேரம். அரசியும் வந்திருந்தது. இன்றைக்கு என்னவோ நடக்கப் போகிறது என்று எல்லாம் கூடி நின்றன.

கிழங்கு இருந்த இடத்தில் தோல் மட்டும் கிடந்ததைப் பார்த்து முள்ளம்பன்றிக்கு முட்கள் எல்லாம் சிலிர்த்தன.

"இது என் பங்கு. இதை யார் இங்கே வைத்தது?"

குரங்கு இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டது. பணியில் இருந்தவர் முன்னால் வைக்கச் சொன்னார்கள், காலையிலிருந்து இந்த முள்தான் அசையாமல் பணியில் இருந்தது என்றது.

"முள் எங்காவது கிழங்கு தின்னுமா?" என்று முள்ளம்பன்றி கத்தியது.

செங்கண்ணி ஒரு கல்லின்மேல் நின்றுகொண்டு அமைதியாகக் கேட்டது.

"முள் எங்காவது வடிகால் தோண்டுமா, ஐயா?"

பின்வரிசையில் ஒரு முயல் களுக்கென்று சிரித்தது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த விலங்கும் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டமே சிரித்தது. முள்ளம்பன்றி முட்களை மெல்ல மடக்கிக்கொண்டது.

அப்போது இடி இடித்தது. மயில் நிமிர்ந்து பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றது. அது சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் நனைந்துவிட்டார்கள்.

கரையிலிருந்து செங்கண்ணியின் கணவன் அலறியது. யாரும் இலை உருண்டதாக நினைக்கவில்லை. எல்லா விலங்குகளும் திரும்பிப் பார்த்தன. ஆண் குருவி கூட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அதன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. எழுந்தால் முட்டைகள் மிதந்து போய்விடும் என்று அது எழாமல் அழுத்தி உட்கார்ந்திருந்தது.

யானை அரசி வடிகாலை நோக்கி ஓடியது. அந்த வடிகாலை அது பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. பார்த்ததும் திகைத்து நின்றது. பிறகு மரக்கிளையைத் தும்பிக்கையால் சுற்றி இழுத்து எறிந்தது. முள்ளம்பன்றி யாரும் சொல்லாமலே சேற்றில் குதித்தது. அது தோண்டியதைப் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். முன்னங்கால்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடின. சேறு மழையைவிடக் கனமாகப் பின்னால் தெறித்தது. அரசியின் முகத்திலும் ஒரு கட்டி விழுந்தது. தவளைக் குடும்பம் மூட்டை முடிச்சோடு வெளியேறியது. கடைசியில் எங்கோ அடியில் குபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடைபட்டிருந்த குளம் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது!

தண்ணீர் இறங்கியது. ஆண் குருவி நடுங்கியபடி எழுந்து நின்றது. நான்கு முட்டைகளும் குழியிலேயே இருந்தன.

சில நாட்களில் மூன்று முட்டைகள் பொரிந்தன. மண்ணின் நிறத்தில், நெட்டைக் காலோடு மூன்று குஞ்சுகள் அன்றே ஓடத் தொடங்கின. நான்காவது பொரியவில்லை. ஓரத்தில் இருந்த அந்த முட்டை, தண்ணீர் ஏறிய அன்று குளிர்ந்துபோயிருந்தது.

குஞ்சுகளைப் பார்க்க அரசியோடும் மற்ற விலங்குகளோடும் வந்த முள்ளம்பன்றி அந்த முட்டையைப் பார்த்தது. செங்கண்ணி திட்டும் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. செங்கண்ணி திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டது.

"இவ்வளவு நன்றாகத் தோண்டத் தெரிந்தும் ஏன் தோண்டாமல் இருந்தீர்கள்?"

"வேலைக்கு வந்த புதிதில் தினமும் தோண்டினேன்" என்றது முள்ளம்பன்றி. "யாரும் வந்து பார்க்கவில்லை. ஒருநாள் தோண்டாமல் இருந்தேன். அதையும் யாரும் வந்து பார்க்கவில்லை. தோண்டினாலும் அதே கிழங்கு, தோண்டாவிட்டாலும் அதே கிழங்கு. பிறகு எனக்கே அந்த வேலை மறந்துபோய்விட்டது."

பக்கத்தில் நின்ற யானை அரசி தலையைக் குனிந்துகொண்டது. இது முள்ளம்பன்றியின் குற்றமா, தன் குற்றமா என்று அது யோசித்தது. வேலையைக் கொடுத்தேன், இருக்கையைக் கொடுத்தேன், பங்கைக் கொடுத்தேன், ஒருநாள்கூட வடிகால்வரை நடந்து போகவில்லையே என்று சொன்னது. முள்ளுக்குக் கும்பிடு போட்ட விலங்குகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வேலை நடக்கிறதா என்று அவையும் கேட்டதில்லை.

அன்றே பாறை இருக்கைகள் ஒழிக்கப்பட்டன. வேலை எங்கேயோ அங்கேயே இருக்கை என்று அரசி அறிவித்தது. வடிகாலின் வாயை ஒட்டி, ஆள்காட்டியின் கூட்டைவிடத் தாழ்வான இடத்தில், முள்ளம்பன்றிக்கு வளை தோண்டிக் கொடுத்தார்கள். வடிகால் அடைத்தால் முதலில் நனைவது அதன் படுக்கைதான். மயிலுக்கு இலையே இல்லாத உயரமான பட்டமரம் ஒன்றைக் கொடுத்தார்கள். மழையை முன்கூட்டிப் பார்க்காவிட்டால் முதலில் அதன் தோகைதான் நனையும். மானின் இருக்கை செந்நாய்கள் வரும் பாதைக்கு நேர் எதிரே போடப்பட்டது. அன்று முதல் அந்தக் காட்டில் மானைப் போல விழிப்பாக வேலை செய்தவர் யாரும் இல்லை. புலிப் பக்கம் ஆடும் ஆசையும் அதற்குப் போய்விட்டது.

தினமும் மாலையில், இன்று என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கும் பொறுப்பைச் செங்கண்ணிக்குக் கொடுக்க அரசி விரும்பியது. ஓயாமல் கத்துகிற குரல் இந்த வேலைக்குப் பொருத்தம் என்று குரங்கும் பரிந்துரைத்தது. செங்கண்ணி உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் கேட்காமல் விட்டால், ஏன் கேட்கவில்லை என்று என்னை யார் கேட்பது?" என்றது.

அதைக் கேட்ட அரசி அந்தப் பொறுப்பை யாருக்கும் தனியாகக் கொடுக்காமல் எல்லோருக்குமே கொடுத்துவிட்டது. மாலையில் தண்ணீர் குடிக்க வரும் யாரும் வடிகாலோரம் நின்று கேட்கலாம். அரசியும் வந்து கேட்கும். அரசியிடமும் கேட்கலாம்.

முதலில் முள்ளம்பன்றிக்கு இது பிடிக்கவில்லை. முயல்கூட வந்து கேள்வி கேட்கிறதே என்று முணுமுணுத்தது. ஆனால் கேட்க வந்த முயல், தோண்டிய வடிகாலில் தண்ணீர் சலசலவென்று ஓடுவதைப் பார்த்து, பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. முள்ளம்பன்றிக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுநாள் அது வடிகாலின் இரண்டு ஓரங்களையும் செதுக்கி நேராக்கி வைத்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் மாலை மழை வலுத்துக் கொட்டியது. விலங்குகள் நனைந்துகொண்டே வந்து, அவசரமாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி ஓடின. வளை வாசலில் சேறு பூசிய முகத்தோடு காத்திருந்த முள்ளம்பன்றி ஓடிவந்து வழியை மறித்தது.

"எங்கே ஓடுகிறீர்கள்? இன்று என்ன வேலை செய்தேன் என்று கேட்காமலே போகிறீர்களே! வந்து பாருங்கள்."

எல்லாம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, மழையில் நனைந்தபடி வடிகாலைப் பார்த்தன.

ஒருவர் இருக்கையில் இருக்கிறாரா என்று பார்ப்பது போதாது. அன்றைய வேலை அன்றே நடந்ததா என்று நேரில் போய்ப் பார்த்துக் கேட்பது, அந்த வேலையைக் கொடுத்தவர்களின் அன்றாட வேலை.